போன் கையை விட்டுப் போனாலும் வேலையும் பணமும் பூட்டிக்கொள்ளாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் என் போனின் திரை திடீரென்று கறுத்துப்போனது. போனுக்கு உயிர் இருந்தது. யாராவது அழைத்தால் மணி அடித்தது, செய்தி வந்தால் மேசையில் கிடந்து அதிர்ந்தது. அன்று மாலைக்குள் ஒரு வேலையை முடித்து அனுப்பியாக வேண்டும். கணினியில் ஈமெயிலைத் திறக்கப் போனால், அன்று பார்த்து லாகின் விட்டுப்போயிருந்தது; கடவுச்சொல் கொடுத்ததும் ஓடிபி கேட்டது. மேசையில் போன் அதிர்ந்தது. எனக்கு வேண்டிய ஆறு இலக்கமும் ஒரு முழம் தூரத்தில், அந்தக் கறுப்புத் திரைக்கு உள்ளே இருந்தது. படிக்கத்தான் வழியில்லை. மறுபடி அனுப்பச் சொன்னேன், மறுபடி அதிர்ந்தது. நாலைந்து முறை ஆனதும், பிறகு முயலுங்கள் என்று சொல்லித் தளம் கதவைச் சாத்திவிட்டது.

சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். மறுநாள் அதைத்தான் செய்தேன். அன்று மாலை கையில் வேறு போன் இல்லை, வேலையும் போய்ச் சேரவில்லை.

கணக்குகளைப் பாதுகாப்பது என்றாலே திருடன் நுழைவதைப் பற்றித்தான் பேசுகிறோம். சொந்தக்காரரே வெளியில் மாட்டிக்கொள்வதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பூட்டை இறுக்க இறுக்க இந்த இரண்டாவது ஆபத்து கூடும். அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டையும் சேர்த்தே பார்க்கப் போகிறோம்: அடுத்தவர் உள்ளே வரக்கூடாது, நாம் வெளியே நின்றுவிடவும் கூடாது. ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கினால் முடிந்துவிடும் வேலை இது.

படி 1: ஒரு தாளில் வரைந்து பாருங்கள்

கணினி வேண்டாம், பேனாவும் தாளும் போதும். உங்கள் வாழ்க்கை எந்தெந்தக் கணக்குகளில் இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போடுங்கள். வங்கி, பணம் அனுப்பும் ஆப், வேலை கிடைக்கும் தளங்கள், படங்கள் சேமித்திருக்கும் இடம், வாட்ஸ்அப் போன்ற உரையாடல் ஆப்கள், அரசுச் சேவைகள், சொந்தமாக இணைய முகவரி வாங்கியிருந்தால் அதைப் பதிந்த நிறுவனம்.

இப்போது ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இதன் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால், புதுச் சாவி எங்கே வரும்? அந்த இடத்துக்கு ஒரு அம்புக்குறி போடுங்கள். கூகுள் கணக்கைக் கொண்டோ ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டோ நுழையும் தளங்களுக்கும் அப்படியே. பத்து நிமிடத்தில் படம் தெளிவாகிவிடும். எங்கெங்கோ இருந்து கிளம்பும் அம்புகளெல்லாம் கடைசியில் ஒரு ஈமெயில் முகவரியிலும் ஒரு போன் எண்ணிலும் வந்து குத்தி நிற்கும். இவை இரண்டும்தான் ஆணிவேர். பாதுகாப்புக்கு என்று நீங்கள் ஒதுக்கும் நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவழியுங்கள்.

இந்த அம்புகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2012 ஆகஸ்டில் அமெரிக்கத் தொழில்நுட்பப் பத்திரிகையாளர் மேட் ஹோனனுக்கு நடந்ததே சான்று. அவருடைய கடவுச்சொல்லை யாரும் உடைக்கவில்லை. அமேசானின் வாடிக்கையாளர் சேவையைப் போனில் ஏமாற்றி அவருடைய கணக்குக்குள் நுழைந்தார்கள். அங்கே அவருடைய கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கம் தெரிந்தது. அந்த நான்கு இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் அடையாளமாக ஏற்று ஆப்பிளின் சேவை மையம் அவருடைய கணக்கைத் திறந்துவிட்டது. அங்கிருந்து கூகுள், அங்கிருந்து ட்விட்டர். அவருடைய ஐபோன், ஐபேட், மேக்புக் மூன்றும் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. கூகுள் கணக்கு அழிக்கப்பட்டது. மகளின் குழந்தைப் பருவப் படங்களுக்கு அவர் நகல் எடுத்து வைக்கவில்லை; அவையும் மேக்புக்கோடு துடைக்கப்பட்டன. வந்தவர்களின் குறி அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயர் மட்டும்தான். இரு நிறுவனங்களும் அதன்பின் தங்கள் நடைமுறையை மாற்றின. சங்கிலி இருக்கிறது என்பது மட்டும் மாறவில்லை.

படத்தில் இன்னொன்றையும் பாருங்கள். ஏதாவது ஒரு சொந்தக் கணக்கின் அம்பு அலுவலக ஈமெயிலுக்குப் போகிறதா? போனால் இன்றே மாற்றிவிடுங்கள். வேலையை விட்டு வரும் நாளில் அந்த முகவரி சில நிமிடங்களில் மூடப்படும். அதற்கப்புறம் அதற்கு வரும் எந்தக் கடிதமும் உங்களுக்குக் கிடைக்காது.

படி 2: ஈமெயிலை முதலில் சரிசெய்யுங்கள்

ஈமெயிலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான ஒரு கடவுச்சொல் வேண்டும். ஒரு தளத்திலிருந்து களவுபோன கடவுச்சொற்களை எடுத்து மற்ற தளங்களில் இயந்திரம் வைத்துப் போட்டுப்பார்ப்பதுதான் இன்று மிகச் சாதாரணமான தாக்குதல். ஒரே சொல்லைப் பத்து இடத்தில் வைத்தால், அந்தப் பத்தில் மிகப் பலவீனமான தளத்தின் கையில் உங்கள் ஈமெயிலைக் கொடுத்ததாக ஆகிறது. இணையப் பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், அது எந்தெந்தக் கசிவுகளில் அடிபட்டிருக்கிறது என்று காட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையை விட்டுவிடலாம். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் தன் 2017 வழிகாட்டுதலிலேயே கட்டாய மாற்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொண்டே போகிறார்கள். சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களை அடுத்தடுத்து வைத்த நீளமான தொடர் நினைவிலும் நிற்கும், உடைக்கவும் கடினம். சொற்களை நீங்களாக யோசித்து எடுக்காதீர்கள். ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்த சொல்லை எடுத்தாலும் அது உங்கள் மனம் தரும் சொல்லைவிட மேல்.

அப்புறம் ஈமெயிலின் அமைப்புகளுக்குள் போய் இவற்றைப் பாருங்கள்.

மீட்பு ஈமெயில், மீட்பு எண் இரண்டும் இன்றும் உங்களிடம்தான் இருக்கின்றனவா? பத்து வருடத்துக்கு முன் கொடுத்த, இப்போது திறக்கவே முடியாத ஒரு முகவரி அங்கே உட்கார்ந்திருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாமல் கடிதங்களை வேறு முகவரிக்கு அனுப்பும் விதி ஏதாவது இருக்கிறதா? ஒருமுறை நுழைந்தவர்கள் இப்படி ஒரு விதியை வைத்துவிட்டு வெளியேறுவது வழக்கம். நீங்கள் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் நகல் அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதைப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும், ஆனால் அநேகமாக யாரும் பார்ப்பதில்லை.

எந்தெந்தக் கருவிகள் இன்னும் உள்ளே இருக்கின்றன? விற்றுவிட்ட பழைய போன் அந்தப் பட்டியலில் இருந்தால் நீக்குங்கள்.

கூகுளில் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், படங்கள் மூன்றும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. படங்களால் அது நிரம்பினால் ஈமெயில் வருவதே நின்றுவிடும். எந்தக் கடிதம் வராமல் போனது என்றுகூடத் தெரியாது. பழைய கணக்கு ஏதாவது சும்மா கிடந்தால் அதற்கும் ஒருமுறை போய் வாருங்கள்: இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்பது 2023லிருந்து கூகுளின் விதி.

படி 3: போன் எண் உங்களுடையது என்று நம்பிவிடாதீர்கள்

போன் எண்ணை நாம் சொந்தச் சொத்துபோல் நினைக்கிறோம். உண்மையில் அது நிறுவனம் நமக்குக் கொடுத்து வைத்திருக்கும் ஒன்று. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் வேறொருவருக்குப் போகும். அப்படிப் போனபின் உங்கள் பழைய கணக்குகளின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்கு வரும். எண்ணை விடுவதாக இருந்தால், முதலில் படி 1ன் தாளை எடுத்து, அந்த எண்ணில் குத்தி நிற்கும் ஒவ்வொரு அம்பையும் புது எண்ணுக்கு மாற்றுங்கள். எல்லாம் மாறிய பிறகும் சில மாதம் பழைய எண்ணை உயிரோடு வைத்திருங்கள். மறந்துபோன கணக்கு ஒன்றாவது அப்போது தலைகாட்டும்.

இன்னொரு ஆபத்து சிம் மாற்று மோசடி. நீங்கள்தான் என்று சொல்லி, உங்கள் எண்ணை நிறுவனத்திடமிருந்து வேறு சிம்முக்கு வாங்கிக்கொள்வார்கள். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சியின் கணக்கிலேயே அவருடைய எண்ணைக் கைப்பற்றியவர்கள் எஸ்எம்எஸ் வழியாகப் பதிவு போட்டார்கள். இதற்கு வெளியே தெரியும் முக்கிய அடையாளம் இது: சுற்றியுள்ள எல்லோருக்கும் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் சிக்னல் போய் திரும்பி வராது. அப்படியானால் காத்திருக்க வேண்டாம். வேறொரு போனிலிருந்து உடனே சிம் நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். அந்த இரண்டு எண்களும் போனுக்குள் மட்டும் இல்லாமல் காகிதத்திலும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் கணக்கு முழுக்க எண்ணை நம்பியே இருக்கிறது. அதன் அமைப்புகளில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைத் திறந்து ஆறு இலக்க ரகசிய எண் (PIN) ஒன்றை வைத்துவிடுங்கள். போன் எண் களவுபோனாலும் அந்த ரகசிய எண் இல்லாமல் கணக்கு எளிதில் போகாது. வந்த ஓடிபியைத் தெரிந்தவர் பெயரில் கேட்டாலும் கொடுக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் மூத்தவர்களுக்கும் தெரியுமா என்று ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

படி 4: இரண்டாவது பூட்டும் அதன் மாற்றுச் சாவியும்

எஸ்எம்எஸ் ஓடிபி எதுவும் இல்லாததைவிட நல்லது. ஆனால் ஈமெயிலுக்கும் பணத்துக்கும் அதைவிட நல்ல பூட்டு கிடைத்தால் அதைப் போடுங்கள்.

ஒன்று, ஆத்தென்டிகேட்டர் ஆப். ஆறு இலக்க எண்ணை இது அநேகமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாற்றிக் காட்டும். இந்த எண் எங்கிருந்தும் வருவதில்லை. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தபோது போனுக்குள் இறங்கிய ஒரு ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து, போனே கணக்குப் போட்டுத் தருகிறது. அதனால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், சிம் மாற்று மோசடியும் இதைத் தொடாது. போனின் கடிகாரம் தவறாக ஓடினால் மட்டும் எண் ஏற்காது. மற்றொன்று, பாஸ்கீ: கடவுச்சொல்லைத் தட்டாமல், போனைத் திறக்கும் அதே விரல் ரேகை, முகம் அல்லது திரைப் பூட்டைக் கொண்டு நுழையும் முறை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து இதை விரிவாகக் கொண்டுவருவதாக 2022ல் அறிவித்தன. ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி சாவி உருவாகிறது. அது அந்தத் தளத்தின் முகவரியோடு பிணைந்திருப்பதால், அச்சு அசலாக இருக்கும் போலித் தளத்தில் வேலை செய்யாது. கண் ஏமாந்தாலும் சாவி ஏமாறாது என்பதால் வசதி இருக்கும் இடமெல்லாம் இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

ஆனால் பூட்டைப் போட்ட அதே நிமிடத்தில் மாற்றுச் சாவியையும் எடுத்து வைக்க வேண்டும். மீட்புக் குறியீடுகள் என்று ஒரு பட்டியலைத் தளங்கள் தரும். கூகுள் தருவது பத்து எண்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை செல்லும். பெரும்பாலோர் இந்தத் திரையைப் பார்த்ததும் ‘அடுத்து’ என்று அழுத்திப் போய்விடுகிறார்கள். அச்சிடுங்கள், இல்லையென்றால் கையால் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பதால் பயன் இல்லை. போன் போனால் அதுவும் போகும். என் கறுத்த திரைக்கு முன்னால் அன்று இந்தப் பட்டியல் ஒரு காகிதத்தில் இருந்திருந்தால், இரண்டு நிமிடத்தில் உள்ளே போயிருப்பேன்.

புது போன் வாங்கினால், பழைய போனை அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள். ஆத்தென்டிகேட்டரில் உள்ள எல்லாக் கணக்குகளும் புதியதற்கு வந்துவிட்டனவா என்று ஒன்றிரண்டில் நுழைந்து பார்த்தபின் துடையுங்கள்.

படி 5: மற்ற கடவுச்சொற்கள்

இதில் நீட்டிப் பேச ஒன்றுமில்லை. நூறு கடவுச்சொல்லை எந்த மனிதராலும் நினைவில் வைக்க முடியாது. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் ஆப்பான ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் போட்டு, அதைத் திறக்கும் ஒரே கடவுச்சொல்லாக ஒரு நல்ல தலைச்சாவி வையுங்கள். உங்கள் போனிலோ பிரவுசரிலோ ஏற்கெனவே இருப்பதே போதும். நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைப்பதும் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் வைப்பதைவிடப் பல மடங்கு மேல்.

படி 6: படங்களும் கோப்புகளும்

2019ல் மைஸ்பேஸ் தளம், சர்வர் மாற்றும்போது பழைய கோப்புகள் தொலைந்துவிட்டதாகச் சொன்னது. 12 ஆண்டுகளில் இசைக் கலைஞர்கள் ஏற்றிய 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் போயின. பலருக்கு வேறு நகலே இல்லை. யாரும் திருடவில்லை, யாருடைய கணக்கும் முடங்கவில்லை, ஆனாலும் போய்விட்டது.

கிளவுடில் தானாக ஏறுவதை பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒத்திசைவு மட்டுமே. போனில் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். புகைப்படக்காரர்கள் நடுவே புழங்கும் 3-2-1 விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். கிளவுடில் ஒன்று, கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று என்று வைத்தாலே விதி நிறைவேறிவிடும். கூகுளில் ‘டேக்கவுட்’ என்ற வசதியில் கடிதம், படம், தொடர்புகள் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். மற்ற பெரிய தளங்களிலும் இதேபோல் ஒன்று இருக்கும். இறக்கியதும் நாலு கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

படி 7: தளத்தில் இருந்து சோறு வருகிறது என்றால்

ஆன்லைன் தளத்தில் வேலை எடுத்துச் செய்பவர்கள், பொருள் விற்பவர்கள், வீடியோ போட்டுச் சம்பாதிப்பவர்கள் இதை இரண்டுமுறை படியுங்கள்.

உங்கள் கணக்கு நாளைக் காலை முடக்கப்பட்டால் என்னென்ன கூடவே போகும் என்று எண்ணிப் பாருங்கள். பல வருடம் உழைத்துச் சேர்த்த நட்சத்திரங்களும் பாராட்டுகளும் போகும். அவற்றை இன்னொரு தளத்துக்கு எடுத்துச் செல்ல வழியில்லை. வாடிக்கையாளர்களின் தொடர்பு போகும். தளத்தின் பணப்பையில் எடுக்காமல் விட்ட தொகை விசாரணை முடியும்வரை நிற்கும். தவறே செய்யாதவர்களுக்கும் இது நடக்கிறது, ஏனென்றால் சந்தேகப்பட்டு நிறுத்துவது பெரும்பாலும் இயந்திரம். மேல்முறையீட்டைப் படிக்க ஒரு மனிதர் வருவதற்கு நாட்கள் ஆகும். அந்த நாட்களில் வீட்டுச் செலவு நிற்காது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. உழைத்தவருக்குக் காரணம் தெரியும் உரிமை இருக்க வேண்டும். அது எல்லா இடத்திலும் கிடைக்கும்வரை நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

பணத்தைத் தளத்தில் சேர்த்து வைக்காதீர்கள். எடுக்க முடிகிற அன்றே வங்கிக்கு மாற்றுங்கள். மாதத்துக்கு ஒருநாள் குறித்து, வருமான அறிக்கை, ரசீதுகள், முடித்த வேலைகளின் பட்டியல், உங்களைப் பற்றி வந்த பாராட்டுகளின் படம் எல்லாவற்றையும் உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். கடன் கேட்கவோ வரி கட்டவோ மேல்முறையீடு செய்யவோ இதுதான் ஆதாரம். கணக்கில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். சரிபார்ப்பில் சிக்குவது பெரும்பாலும் இந்தச் சின்ன வித்தியாசத்தால்தான். வாடிக்கையாளரைத் தளத்துக்கு வெளியே அழைப்பதைச் சில தளங்கள் விதிப்படி தடைசெய்கின்றன. அதை மீறினால் அதுவே முடக்கத்துக்குக் காரணமாகும். ஆனால் உங்கள் வேலையைக் காட்டும் சொந்தப் பக்கம் ஒன்று இணையத்தில் இருப்பதைப் பொதுவாக எந்த விதியும் தடுப்பதில்லை.

முடக்கமே வேண்டாம், ஒரு கோளாறு போதும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றன. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் வலையமைப்பையே துண்டித்துவிட்டது. வாட்ஸ்அப்பில் மட்டும் ஆர்டர் எடுத்தவர்களுக்கு அன்று வாடிக்கையாளரை எட்ட வழியே இல்லை. முக்கியமானவர்களின் எண்ணையும் ஈமெயிலையும் ஒரு தனிப் பட்டியலாக வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள்.

படி 8: உங்களுக்குப் பிறகு

பேசத் தயங்கும் விஷயம்தான், ஆனால் அமைக்கப் பத்து நிமிடம் போதும். கூகுளில் ‘செயல்படாத கணக்கு மேலாளர்’ இருக்கிறது: 3 மாதம் முதல் 18 மாதம்வரை நீங்கள் வராவிட்டால், நீங்கள் குறித்த ஆட்களுக்குத் தகவல் போகும். ஆப்பிளில் 2021 முதல் ‘மரபுத் தொடர்பு’ ஒருவரை நியமிக்கலாம். அவருக்கு ஒரு அணுகல் சாவியும் இறப்புச் சான்றிதழும் வேண்டும். படங்கள் கிடைக்கும், சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்காது. அதனால் எந்த வங்கியில் கணக்கு, எந்தத் தளத்தில் வருமானம் என்ற பட்டியலையாவது வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

படி 9: ஒத்திகை

எல்லாம் முடிந்ததும் போனை அணைத்து அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். தொலைந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறொருவரின் கணினியில், பிரவுசரின் தனிப்பட்ட சாளரம் (இன்காக்னிட்டோ) ஒன்றைத் திறந்து, காகிதத்தில் இருப்பதை மட்டும் வைத்து உங்கள் ஈமெயிலுக்குள் நுழையப் பாருங்கள்.

முதல் ஒத்திகையில் நான் தோற்றேன். ஈமெயில் கடவுச்சொல் பாஸ்வேர்டு மேனேஜரில் இருந்தது. மேனேஜரைத் திறக்கத் தலைச்சாவி போதவில்லை, ஆத்தென்டிகேட்டர் எண்ணும் கேட்டது. ஆத்தென்டிகேட்டர் அடுத்த அறையில், அணைந்த போனில். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன். போனை எடுத்து வந்து, மேனேஜரின் மீட்புக் குறியீட்டையும் தனியாக எடுத்து, ஈமெயிலின் பத்து எண்களுக்குக் கீழே அதே காகிதத்தில் எழுதினேன். போனை மறுபடி அணைத்தேன். இந்தமுறை ஏழு நிமிடத்தில் உள்ளே வந்துவிட்டேன். பயன்படுத்திய எண்ணைக் காகிதத்தில் அடித்துவிட்டு, ஓரத்தில் தேதி போட்டு, ஒரு நகலை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன். ஒவ்வொரு முறை போன் மாற்றும்போதும், எண் மாற்றும்போதும் அந்தக் காகிதத்தை வெளியே எடுக்கிறேன்.